கண்ணம்பாடிச் சாலையில் ஒரு முழுநாள்

பிழைப்பை முன்னிட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து பிற மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நம்மவர் இல்லங்களில், கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியே கிளம்பும் நாட்களை எண்ணிப் பார்த்தால், அவை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று உறவினர் வீட்டுக் கல்யாணம், மற்றொன்று துக்கம், மூன்றாவது ஆஸ்பத்திரி. இம்மூன்றும் இல்லாமல், "இன்று நாம் இருவரும் சும்மா போய் வருவோம்" என்று புறப்பட்ட நாள் ஒன்றைச் சொல்லும்படி கேட்டால், பத்து வருஷம் இல்லறம் நடத்தியவர்களும் சற்றுத் தயங்கித்தான் விடை கூறுவார்கள்.

இதற்குக் காரணம் அன்புக் குறைவு அன்று. ஊரில் பெரியவர்களுக்கு மாதந்தோறும் பணம் அனுப்ப வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். சீட்டுப் பணம் தவறக் கூடாது. இவற்றுக்கு நடுவே தமக்கென்று செலவழிப்பது ஏதோ தகாத காரியம் போல நம்மவர் மனத்தில் பதிந்துவிட்டது. மேலும், ரெயில்வே போன்ற இலாகாக்களில் வேலை பார்ப்போருக்குச் சாதாரண விடுப்பு, சம்பள விடுப்பு என்று விதிப்புத்தகத்தில் கணக்கு உண்டு. வீட்டிலே காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டும் பெண்மணிக்கு எந்த விதிப்புத்தகமும் விடுப்பு வழங்குவதில்லை. திருமணமாகிப் பத்து ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, அத்தகைய விடுப்பு ஒன்றை நாங்களே எங்களுக்கு வழங்கிக்கொள்வது என்று சென்ற கோடையில் தீர்மானித்தோம். அந்த நாளின் அனுபவம் பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தாலேயே இதனை எழுதலானோம்.

கௌதள்ளியிலிருந்து புறப்பாடு

எம் இல்லாளின் பிறந்தகம் கௌதள்ளி. கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. கொள்ளேகாலம் வட்டாரம் 1956 நவம்பர் 1 ஆம் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்படும் வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் சேர்ந்து, 1997 இல் சாமராஜநகர மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனுள் அடங்கியது. ஆகையால் அங்கே ஒரே வீட்டுத் திண்ணையில் தமிழும் கன்னடமும் சரளமாக உரையாடப்படுவதைக் கேட்கலாம். ஊர் மக்கள் இடம் பெயரவில்லை. மாநிலங்களின் எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று.

அது மழையை நம்பிய வறண்ட பூமி. எம் இல்லாள் சிறு வயதில் பள்ளிக்கூடம் போகுமுன் இரண்டு நடை குடம் சுமந்தவர். கோடையில் குழாயடியில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்ததும் உண்டாம். இன்றைக்கும் அரிசி களைந்த நீரைக் கீழே கொட்ட அவருக்கு மனம் வராது. இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் பின்னால் விளங்கும்.

குழந்தைகள் இருவரையும் மாமியாரிடம் ஒப்படைத்தோம். முதல் நாள் இரவே எம் இல்லாள் வழக்கம் போல் புளிச்சோறு கிளற ஆயத்தமானார். மாமியார் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "ஒரு நாளைக்கு அடுத்தவங்க ஆக்குன சோத்தைத் தின்னுட்டு வா கண்ணு" என்றார். எம்மைப் பார்த்து, "பசங்களை நான் பாத்துக்கறனுங்க மாப்பிள்ளை. ராத்திரி தங்கிட்டே வாங்க. விழுந்தடிச்சு ஓடி வராதீங்க" என்றார். இத்தகைய பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் பாதிப் பிரயாணம் முடிந்தாற்போலத்தான்.

விடியற்காலையில் பேருந்து ஏறினோம். அந்தப் பக்கத்தில் ரெயில் பாதை கிடையாது. சாலை ஒன்றே வழி. கர்நாடக மாநிலத்தில் 2023 ஜூன் 11 முதல் 'சக்தி' திட்டத்தின்படி, இம்மாநில முகவரி கொண்ட அடையாள அட்டையைக் காட்டும் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். ஆகவே எங்களுக்கு ஒரு சீட்டு மட்டுமே ஆயிற்று. "ஏனுங்க, இன்னைக்கு உங்களை நான் கூட்டிப் போறதா ஆச்சு" என்று எம் இல்லாள் நகைத்தார். இங்கேயே பல ஆண்டுகள் வசித்தும் அடையாள அட்டையில் பழைய முகவரியையே வைத்திருக்கும் சகோதரிகள், அதனை மாற்றிக்கொள்வது நலம்.

கபினி காவிரியோடு கூடும் திருமகூடலு நரசீபுரத்தைக் கடக்கையில் வயல்கள் பசுமை கட்டின. வறண்ட நிலத்திலிருந்து வருவோருக்கு அந்த மாறுதல் கண்ணில் குளிர்ச்சியாகப் படும்.

இரண்டே இடங்கள்

மைசூருக்கு வரும் நம்மவர்களின் வழக்கம் யாவரும் அறிந்ததே. சாமுண்டி மலை, 1912 இல் கட்டி முடிந்த அரண்மனை, 1892 இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, 1979 முதல் உள்ள ரெயில்வே அருங்காட்சியகம், சீரங்கப்பட்டணம், கண்ணம்பாடி அணை ஆகிய அனைத்தையும் ஒரே பகலில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுவார்கள். மாலையில் எதைப் பார்த்தோம் என்று கேட்டால் பேருந்தின் உள்புறம் மட்டுமே நினைவில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமையன்று அரண்மனை விளக்கொளியும் பிருந்தாவன விளக்கொளியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடைபெறுவதால், எப்படி ஓடினாலும் ஒன்று தவறத்தான் செய்யும்.

நாங்கள் ஒரே சாலையில் அமைந்த இரண்டு இடங்களை மட்டும் தேர்ந்தோம். மைசூரிலிருந்து கிருஷ்ணராஜசாகரம் செல்லும் சாலையில், நகரின் ஓரமாகிய மேட்டகள்ளியில் ஜி.ஆர்.எஸ். ஃபேண்டஸி பார்க் என்னும் கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அதே சாலையில் மேலும் சென்றால் கண்ணம்பாடி அணையும் பிருந்தாவனத் தோட்டமும். பகல் முழுவதும் முதலாவதற்கு, மாலை இரண்டாவதற்கு என்பது எங்கள் திட்டம்.

நீரில் இறங்குதல்

இத்தகைய பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் ஒருமுறை செலுத்தினால் உள்ளே உள்ள பெரும்பாலான விளையாட்டுகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஆகையால் காலையிலேயே சென்றுவிடுவது சிக்கனம். பள்ளி விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூட்டம் மிகுதி. வார நாளே உகந்தது. வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுசெல்லவும் பொதுவாக அனுமதிப்பதில்லை. மாமியார் புளிச்சோற்றைத் தடுத்தது அவ்வகையிலும் நன்மையாயிற்று.

நம் பெண்மணிகள் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் உடை. புடவையுடனோ பருத்தி ஆடையுடனோ நீர் விளையாட்டுகளில் இறங்க விடமாட்டார்கள். பருத்தி நூல் பிரிந்து நீர் வடிகட்டும் இயந்திரத்தை அடைத்துவிடும். நீண்ட துணி சறுக்குகளில் சிக்கி விபத்து நேரக்கூடும். ஆகவே நைலான் போன்ற இழையாலான உடை அவசியம். வாடகைக்கும் கிடைக்கும், ஆனால் முழங்கை, முழங்கால் மறையும்படியான உடையை முன்னதாகவே கடையில் வாங்கிச் சென்றால் கூச்சம் குறையும். எம் இல்லாள் அவ்விதமே வாங்கி வந்திருந்தார்.

உடை மாற்றியாயிற்று. பைகளைப் பூட்டுப்பெட்டியில் வைத்தாயிற்று. அலைக்குளத்தின் கரைக்கு வந்து நின்றோம். கடற்கரை போலவே தரை மெல்ல மெல்ல ஆழத்துக்குச் சரிகிறது. மணி அடித்ததும் மறுகோடியிலிருந்து அலைகள் புறப்பட்டு வந்தன. இளைஞர்கள் கூச்சலிட்டுக் குதித்தனர். எம் இல்லாள் மட்டும் கரையிலேயே அமர்ந்துவிட்டார். அச்சமோ என்று எண்ணினோம். அச்சம் இல்லை.

"எத்தனை தண்ணிங்க இது! எங்கூருக்கு எத்தனை மாசத்துக்கு ஆகும்? இதுல போய்க் காலை வச்சு மிதிச்சு ஆடறதாங்க?" என்றார்.

இதற்கு உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. நகைச்சுவையாகத் தட்டிக்கழிக்கவும் மனம் வரவில்லை. இடுப்பில் குடம் சுமந்து வளர்ந்தவருக்கு நீர் என்பது அளந்து செலவழிக்கும் பொருள். அதனை விளையாட்டுப் பொருளாகக் காண்பது பணத்தைத் தெருவில் வீசி ஆடுவது போலத் தோன்றியிருக்க வேண்டும். வற்புறுத்தாமல் அருகில் அமர்ந்தோம். சுற்றிலும் பார்த்தபோது மற்றொன்றும் புலப்பட்டது. கரை ஓரத்து இருக்கைகளில் எத்தனையோ தாய்மார்கள், நனையாத புடவையுடன், குடும்பத்தார் கழற்றிப் போட்ட சட்டைகளையும் கைப்பேசிகளையும் மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தனர். அவர்களும் முழுக் கட்டணம் செலுத்தியே உள்ளே வந்தவர்கள்.

பாதுகாப்புப் பணியில் இருந்த பெண்மணி ஒருவர் எங்களைக் கவனித்து, ஏன் இறங்கவில்லை என்று கன்னடத்தில் வினவினார். எம் இல்லாள் தம் மனக்குறையைக் கன்னடத்திலேயே கூறினார். அப்பெண்மணி சிரிக்கவில்லை. இந்த நீர் அன்றாடம் வெளியே கொட்டப்படுவதன்று. குழாய் வழியே சென்று, மணல் வடிகட்டியில் தெளிந்து, குளோரின் கலந்து, மீண்டும் இதே குளத்துக்கு வருகிறது. ஆவியாகியும் சிதறியும் குறைவதை மட்டுமே புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று விளக்கினார். பிறகு, தாமும் தண்ணீர்ப் பஞ்சமுள்ள கிராமத்தைச் சேர்ந்தவர்தாம் என்றும், வேலையில் சேர்ந்த புதிதில் தமக்கும் இப்படியே தோன்றியது என்றும் கூறினார்.

எம் இல்லாள் சிறிது நேரம் யோசித்தார். பின்பு எழுந்து, முழங்கால் அளவு நீர் வரை சென்று நின்றார். அடுத்த அலை இடுப்பு வரை நனைத்தது. அதற்கடுத்த அலைக்கு அவரே முன்னால் நடந்தார். அன்று பிற்பகல் வரை அவரைக் கரைக்கு அழைத்து வருவது பெரும்பாடாகிவிட்டது. சறுக்கு ஒன்றில் நான்கு முறை இறங்கினார். தலை சுற்றியதால் யாம் கரையில் அமர்ந்து, தாய்மார்களோடு தாய்மாராக இருவர் செருப்பையும் காத்தோம்!

ரெயிலுக்கும் கேளிக்கைக்கும் உறவு

அவ்வாறு அமர்ந்திருந்த வேளையில் இத்தகைய பூங்காக்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. டென்மார்க் தேசத்துக் கோபன்ஹேகன் நகரில் டிவோலித் தோட்டம் 1843 இல் திறக்கப்பட்டு இன்றும் நடைபெறுகிறது. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தமது டிஸ்னிலாந்தை 1955 ஜூலையில் திறந்தார். நம் ஊர்த் திருவிழாக்களில் சுழலும் ராட்சத ராட்டினத்துக்கு முன்னோடியானது, 1893 இல் சிகாகோ கண்காட்சியில் ஃபெரிஸ் என்னும் பொறியாளர் எழுப்பிய சக்கரம். அதன் உயரம் 264 அடி.

உருள்வண்டியோ எங்கள் இலாகாவுக்கே சொந்தமானது எனலாம். பென்சில்வேனியா மலைப்பகுதியில் நிலக்கரியைச் சரிவில் இறக்குவதற்கு 1827 இல் ஒரு பாதை போட்டார்கள். வண்டிகள் எஞ்சின் இல்லாமல் தம் பாரத்தாலேயே கீழே ஓடிவரும். நாளடைவில் அதில் ஏறிப் பார்க்க உல்லாசப் பிரயாணிகள் கூட்டம் கூட்டமாக வரலாயினர். பின்னர் 1884 இல் தாம்சன் என்பவர் நியூயார்க்கை அடுத்த கோனித் தீவில் விளையாட்டுக்கென்றே ஒரு பாதை அமைத்து, ஐந்து சென்ட் கட்டணத்துக்கு மக்களை ஏற்றினார். அதன் வேகம் மணிக்கு ஆறு மைல்தான். இன்றைய வண்டிகளையும் பெரும்பாலும் சங்கிலியால் உயரத்துக்கு இழுத்து விட்டுவிடுகிறார்கள். மீதியைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்கிறது. எந்த ஊருக்கும் போய்ச் சேராமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் இந்த ஒரு ரெயிலுக்கு மட்டும் மக்கள் மகிழ்ந்து சீட்டு வாங்குகிறார்கள்!

அணையின் நிழலில்

மாலை நகரப் பேருந்தில் கண்ணம்பாடி சென்றோம். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யாவின் திட்டப்படி 1911 இல் தொடங்கிய அணை இது. செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த 'சுர்க்கி'க் கலவையால் கட்டப்பட்டது. நிறை மட்டம் 124.80 அடி, கொள்ளளவு சுமார் 49 டி.எம்.சி. சிவசமுத்திரத்தில் 1902 முதல் மின்சாரம் உற்பத்தியாகி, நம்மவர் பல்லாயிரவர் பாடுபட்ட கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அந்த மின்நிலையத்துக்கு இடைவிடாமல் நீர் கிடைக்கச் செய்வதும், மண்டியா வட்டாரத்துக்குப் பாசனம் அளிப்பதும் அணையின் நோக்கங்கள். அணையின் அடியில் பிருந்தாவனத் தோட்டம் அமையக் காரணமானவர் திவான் மிர்சா இஸ்மாயில். 1927 இல் தொடங்கிய தோட்ட வேலை 1932 இல் நிறைவுற்றது.

காவிரி என்றதும் நம்மவர் உள்ளத்தில் எழும் எண்ணத்தை மறைப்பானேன்? இங்கே தேங்கும் நீரே சிவசமுத்திரமும் ஒகேனக்கலும் கடந்து, 1934 முதல் மேட்டூரில் தேங்கித் தஞ்சை செல்கிறது. சென்னைக்கும் மைசூருக்கும் ஏற்பட்ட 1924 ஆம் ஆண்டு உடன்படிக்கை, 1990 இல் அமைந்த நடுவர் மன்றம், 2018 இல் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு எனச் செய்தி நீண்டது. 1991 இன் இறுதியிலும், 2016 செப்டம்பரிலும் இம்மாநிலத்தில் நேர்ந்த கலகங்களை நம் குடும்பங்கள் மறந்திருக்க இயலாது. மழை பொய்த்த ஆண்டுகளில் பொது இடங்களில் குரலைத் தாழ்த்தித் தமிழ் பேசும் பழக்கம் நம் வீடுகளில் இன்னமும் இருக்கிறது. அணையின் அருகே வந்ததும் எங்கள் குரலும் தானாகவே தாழ்ந்தது.

விளக்கேற்றும் நேரத்துக்காகப் புல்வெளியில் அமர்ந்திருந்தோம். பக்கத்தில் நடுத்தர வயதுத் தம்பதியர். மண்டியாப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள். எங்கள் பேச்சைக் கேட்டு, எந்த ஊர் என்றார் அந்த அம்மாள். எம் இல்லாள் கௌதள்ளி என்று கன்னடத்தில் கூறி, தயங்காமல், "எங்கள் வீட்டில் தமிழ் பேசுவோம்" என்றும் சேர்த்துச் சொன்னார். "மாதப்பன் மலைப் பக்கமா! ஆண்டுதோறும் போகிறோமே" என்று அந்த அம்மாள் நெருங்கி அமர்ந்தார். பேச்சு விரைவில் தண்ணீரில் வந்து நின்றது. அவர்கள் நிலம் கால்வாயின் கடைமடையில் உள்ளதாம். அணை நிரம்பிய ஆண்டிலும் தங்கள் மடைக்கு நீர் கடைசியாகத்தான் வருமென்றும், ஊரில் குடிநீருக்கு இன்றும் குடம் ஏந்துவதாகவும் கூறினார். இருவரும் குடம் சுமந்த கதைகளை மாற்றிமாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். டி.எம்.சி. என்ற சொல் அவர்கள் பேச்சில் ஒருமுறையும் வரவில்லை. ஆண்கள் இருவரும் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். பிரியும்போது அந்த அம்மாள் எங்கள் குழந்தைகளுக்கென்று இரண்டு வெல்லக் கட்டிகளை முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இருள் சூழ்ந்ததும் விளக்குகள் எரிந்தன. பாலத்தைக் கடந்து தோட்டத்தின் மறுகோடிக்குச் சென்று, இசைக்கேற்ப ஆடும் நீரூற்றைக் கண்டோம். நம் திரைப்படங்களில் பலமுறை கண்ட தோட்டந்தான். எனினும் நேரில் நீர்த்துளி முகத்தில் படும்போது அது வேறு. எம் இல்லாள் இப்பொழுது குரலைத் தாழ்த்தவில்லை. இரவு மைசூரில் ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் முதல் பேருந்தில் கௌதள்ளி திரும்பினோம்.

அன்பர்களுக்குச் சில சொற்கள்

அன்றைய செலவு, ஒரு சாதாரணக் கல்யாணத்துக்கு நாம் கொண்டுசெல்லும் மொய்ப் பணமும் பிரயாணச் செலவும் சேர்ந்த தொகைக்கு மேற்போகவில்லை. ஊருக்கு அனுப்பும் பணத்திலும் குறை வைக்கவில்லை. மாதம் ஒரு சிறு தொகையாக ஓராண்டு ஒதுக்கி வைத்தால் எந்தக் குடும்பத்துக்கும் இது இயலும்.

புறப்படுவோர் சிலவற்றை மனத்திற்கொள்ளலாம். இடங்களைக் குறைத்துக்கொள்க. கட்டுச்சோறு வேண்டாம், அன்று ஒரு நாள் அம்மாளின் கை ஓய்வெடுக்கட்டும். இதய நோய், இரத்த அழுத்தம் உடையோரும் கருவுற்ற தாய்மாரும் வேகமான விளையாட்டுகளைத் தவிர்க்க. அடையாள அட்டையை மறவாதீர். எல்லாவற்றுக்கும் மேலாக, பையையும் செருப்பையும் காக்க மனைவியைக் கரையில் உட்கார வைத்துவிட்டு நீரில் குதிக்காதீர். அதற்குப் பூட்டுப்பெட்டி இருக்கிறது.

பெரியவர்கள் உடன் இல்லாத குடும்பங்களுக்குக் குழந்தைகளை யாரிடம் விடுவது என்பதே பெரிய தடை. இவ்விஷயத்தில் நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டடத்தில் தமிழ் வகுப்பு நடக்கும் நாளிலேயே, இரண்டு குடும்பங்கள் முறை வைத்துப் பிற குழந்தைகளை மாலை வரை பார்த்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் வேறு இரு குடும்பங்கள். பிள்ளைகள் கூடித் தமிழ் பேசி விளையாடுவார்கள். பெற்றோருக்கு ஒரு நாள் கிடைக்கும். மாதர் பிரிவினர் இதனை அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டுகிறோம். முதல் முறைக்கு எங்கள் குடும்பத்தின் பெயரை எழுதிக்கொள்ளலாம்.